பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: வாள் சண்டை பழகுவது எப்படி?

இளவரசியை மீட்கப் போகும் இளவரசனாக நாம் ஆடுகிற பழைய கம்ப்யூட்டர் கேம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. அதில் பள்ளத்தில் விழுந்து செத்தால் பெரிதாகக் கோபம் வராது. கால் வைத்த இடம் தப்பு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். காவலன் கையில் செத்தால்தான் கீபோர்டைத் தூக்கி எறியலாமா என்றிருக்கும். ஷிஃப்ட் கீயைத் தட்டு தட்டென்று தட்டுகிறோம், வாள்கள் மோதுகிற சத்தம் கேட்கிறது, திரையின் இடது மூலையில் நம்முடைய உயிரைக் காட்டும் சிவப்பு முக்கோணங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. எதிரே நிற்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதனால் தோற்றோம் என்றே பிடிபடாது. புதிதாக வருகிறவர்களில் பலர் இரண்டாம் மூன்றாம் லெவலிலேயே மூட்டை கட்டிவிடுவது இதனால்தான்.

ஆனால் இந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் லெவல் காவலனை வீழ்த்துகிற அதே முறையில்தான் கடைசியில் வில்லன் ஜாஃபரையும் வீழ்த்தப்போகிறீர்கள். இங்கே சொல்வதெல்லாம் 1990-இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு வந்த பதிப்பை வைத்து. தாவுவது, தொங்கி ஏறுவது, கடித்துத் துண்டாக்கும் இரும்புப் பற்களைத் தாண்டுவது போன்றவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். இது சண்டைக்கு மட்டும்.

இரண்டு பேர், ஒரே கோடு

ஜோர்டன் மெக்னர் இந்த கேமை 1989-இல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காகச் செய்தார். வெளியிட்டது ப்ரோடர்பண்ட் நிறுவனம். இளவரசன் ஓடுவதும் தாவுவதும் அவ்வளவு உயிரோடு இருப்பதற்குக் காரணம், தன் தம்பிக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்து வரைந்ததுதான். வாள் சண்டைக்கு அவர் எடுத்துக்கொண்டது 1938-இல் வந்த ராபின் ஹுட் படத்தின் கடைசிச் சண்டையை. அதில் சில விநாடிகள் மட்டும் இரண்டு பேரும் கேமராவுக்குச் சரியாகப் பக்கவாட்டில் நிற்கிறார்கள். அந்தச் சில விநாடிகளே இந்த கேமின் சண்டை முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பக்கவாட்டில் விலக முடியாது, குனிந்து தப்ப முடியாது, எதிரியின் தலைக்கு மேல் தாவ முடியாது. இரண்டு பேர் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். முன்னால், பின்னால், குத்து, தடுப்பு: இவ்வளவுதான். இன்னொரு நல்ல செய்தி, ஒரு திரையில் ஒரு எதிரிக்கு மேல் வரவே மாட்டான். எப்போதும் ஒற்றைக்கு ஒற்றை. இப்போதைய கேம்களில் நாலு பக்கமும் ஆள் சூழ்ந்து அடித்துப் பழகியவர்களுக்கு இது நிம்மதி.

உட்காருவதற்கு முன்

டாஸ் பதிப்பை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். அதைவிட வசதி வேண்டுமானால் எஸ்டிஎல்பாப் என்று ஒன்று இருக்கிறது. டாஸ் பதிப்பைப் பிரித்துப் பார்த்து இன்றைய கம்ப்யூட்டர்களுக்காகத் திரும்ப எழுதியது. அதில் எஃப்6 தட்டினால் அந்த இடத்திலேயே சேமிக்கும், எஃப்9 தட்டினால் அங்கேயே திரும்பும். காவலன் எதிரே நிற்கும்போது ஒரு எஃப்6 போட்டுவிட்டு அதே சண்டையை வேண்டிய மட்டும் பழகலாம். பழைய டாஸ் பதிப்பில் மூன்றாம் லெவலிலிருந்துதான் சேமிக்கவே முடியும் (கன்ட்ரோல்+ஜி), அதுவும் லெவலின் தொடக்கத்துக்குத்தான் திரும்பும். லெவலை முதலிலிருந்து தொடங்க கன்ட்ரோல்+ஏ.

விண்டோஸில் விளையாடுகிறவர்கள் ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள். ஷிஃப்ட் கீயை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி எழும்பும். அது எழும்புவது சரியாகக் காவலன் குத்த வரும்போதுதான் இருக்கும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

மெகாஹிட் என்ற பழைய திருட்டு வழியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் போட்டு கே கீயைத் தட்டினால் காவலன் தானாகச் செத்து விழுவான். வேடிக்கை பார்க்க நல்லது, பழகுவதற்கு உதவாது.

முதல் படி: வாளை எடுங்கள், ஓடாதீர்கள்

முதல் லெவலில் கையில் வாள் இல்லாமல் தொடங்குகிறீர்கள். காவலன் நிற்கிற பக்கம் போவதற்கு முன் கீழ்த்தளத்தில் கிடக்கும் வாளைத் தேடி எடுங்கள். அதன் மேல் நின்று ஷிஃப்ட் தட்டினால் எடுத்துக்கொள்வான்.

வாள் இருந்தாலும் அது உருவப்பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். உங்களிடம் மூன்று உயிர் இருந்தாலும் எட்டு உயிர் இருந்தாலும், வாளை உருவாமல் வாங்கும் ஒரே குத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இது தெரியாமல்தான் "எனக்கு இவ்வளவு உயிர் இருந்ததே, எப்படிச் செத்தேன்?" என்று குழம்புகிறார்கள்.

காவலன் எதிரே நின்றால் இளவரசன் தானாக வாளை உருவுவான். ஆனால் நின்றுகொண்டிருந்தால் மட்டும்தான். ஓடிக்கொண்டே போனால் உருவ மாட்டான். ஓடி நேராகப் போய் வாள் முனையில் செருகிக்கொள்வான். ஆகவே பழக்கமில்லாத திரைக்குள் ஓட்டமாக நுழையாதீர்கள். திரையின் விளிம்பில் நின்று, ஷிஃப்டை அழுத்திப் பிடித்து ஆரோ கீயைத் தட்டி அடி அடியாக நடங்கள். காவலனைக் கண்டதும் நின்றுவிடுங்கள். வாள் தானாக வெளியே வரும்.

வாள் உருவிய பிறகு கீகளின் வேலை மாறிவிடுகிறது. எதிரியின் பக்கம் உள்ள ஆரோ ஒரு அடி முன்னால் வைக்கும், மறுபக்க ஆரோ பின்னால் வைக்கும். மேல் ஆரோ தடுப்பு. ஷிஃப்ட் குத்து. கீழ் ஆரோ வாளை உறையில் போடும். இந்தக் கடைசிக் கீயில் விரல் தெரியாமல் பட்டுவிட்டால் அடுத்த குத்தில் சாவுதான். கீழ் ஆரோ மேல் ஆரோவுக்கு அடியிலேயே இருப்பதால் இது நடக்கத்தான் செய்யும். நடுவிரலை மேல் ஆரோவிலேயே நிறுத்திவைத்துப் பழகுங்கள். தப்பித்தவறி உறையில் போட்டுவிட்டால் உடனே ஷிஃப்ட், மறுபடி உருவிக்கொள்வான்.

சண்டையில் எல்லாக் கீகளையும் தட்டி விடவேண்டும். அழுத்திப் பிடிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாம் படி: தூரம்

குத்து படுவதற்கு ஒரு தூரம் உண்டு. தரையில் பாவியிருக்கும் கற்களை அளவாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு கல்லிலிருந்து இரண்டு கல் தூரம் வரை. அதைவிடத் தள்ளி நின்றால் வாள் எட்டாது. அதைவிட நெருங்கி நின்றாலும் படாது; மிக நெருங்கிவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டி இடம் மாறிக்கொள்வதும் நடக்கும். அப்படி மாறியதும் பதறாதீர்கள். இப்போது 'முன்னால்' என்பது மறுபக்க ஆரோ, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பழகுவதற்கு முதல் லெவல் காவலனே போதும். அவன் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். ஒரு அடி முன்னால் வையுங்கள். அவன் அசையவில்லையென்றால் இன்னொரு அடி. அவன் குத்தினால் பின்னால் ஒரு தட்டு. அவனுடைய வாள் முனை உங்கள் வாள் முனையைத் தொடுகிற மாதிரி தெரிந்தால் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள் என்று கணக்கு. இதில் ஒன்றிரண்டு தடவை சாவீர்கள். பரவாயில்லை, முதல் லெவலில் செத்தால் பெரிய நஷ்டம் கிடையாது.

மூன்றாம் படி: தடுப்பு மட்டும்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பழகினாலே ஆறாம் லெவல் வரை போய்விடலாம்.

காவலன் எதிரே நில்லுங்கள், ஷிஃப்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அவன் குத்தும்போதெல்லாம் மேல் ஆரோவைத் தட்டித் தடுங்கள். திருப்பிக் குத்தாதீர்கள். தொடர்ந்து ஐந்தாறு குத்தைத் தடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறவரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

எப்போது தட்டுவது? குத்து என்பது நொடியில் நடப்பதில்லை. ஷிஃப்ட் தட்டியதும் கை கிளம்புகிறது. நான்காவது ஃப்ரேமில்தான் முனை எதிரியைத் தொடுகிறது. கேம் சாதாரணமாக விநாடிக்குச் சுமார் 12 ஃப்ரேம் வேகத்தில் ஓடும். சண்டை என்று வந்ததும் சுமார் 10-ஆக இறங்கிவிடும். சண்டையின்போது எல்லாம் சற்றே கனமாக நகர்வது போலத் தோன்றுவது இதனால்தான். ஆக, எதிரியின் கை அசைந்ததிலிருந்து முனை உங்களைத் தொடும்வரை உங்களுக்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு. கொஞ்சம்தான், ஆனாலும் கண்ணால் பார்த்துத் தடுக்க இது போதும்.

பார்க்கவேண்டியது வாளை அல்ல. அவனுடைய முன்காலையும் தோளையும் பாருங்கள். சும்மா நிற்கும்போது முழங்கால் மடங்கி, உடல் பின்னால் சாய்ந்திருக்கும். குத்தக் கிளம்பும்போது முன்கால் நகர்ந்து தோள் முன்னால் வரும். அந்த அசைவு தெரிந்ததும் ஒரே ஒரு தட்டு. முன்கூட்டியே தட்டினால் தடுப்பு முடிந்து வாள் கீழே இறங்குகிற நேரத்தில் குத்து வந்து சேரும். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் தாமதமாகத் தட்டி அல்ல, பயத்தில் முன்னாலேயே தட்டித்தான்.

ஸ்பீக்கரைப் போட்டுவையுங்கள். தடுப்பு சரியாக விழுந்தால் வாளோடு வாள் மோதுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். சில நாளில் அந்தத் தாளம் காதுக்குப் பழகிவிடும்.

நான்காம் படி: தடு, குத்து

தடுப்பு கைக்கு வந்ததும் மிச்சம் எளிது. அவன் குத்துகிறான், நீங்கள் தடுக்கிறீர்கள், சத்தம் கேட்ட அதே கணத்தில் ஷிஃப்ட். அவன் கை இன்னும் திரும்பி வந்திருக்காது, உங்கள் குத்து உள்ளே போய்விடும். மேல் ஆரோ, ஷிஃப்ட். மேல் ஆரோ, ஷிஃப்ட். இரண்டு கையிலுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடது கைக்கு இடது ஷிஃப்ட், வலது கைக்கு ஆரோ கீகள். ஒரே கையில் இரண்டையும் செய்யப் பார்த்தால் தாளம் கெடும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும்: அவன் குத்தாமலே நின்றால்? நாமே முதலில் குத்தலாம். ஆனால் அவன் தடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு குத்தவேண்டும்.

இந்த கேமின் உள்ளே காவலன் பெரிதாக யோசிப்பதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் பகடை போடுகிறான். குத்துவதற்கு ஒரு வாய்ப்பு எண், தடுப்பதற்கு ஒன்று, ஒரு தடவை தடுத்த கையோடு மறுபடியும் தடுப்பதற்கு இன்னொன்று, தடுத்தபின் உடனே திருப்பிக் குத்துவதற்கு ஒன்று, முன்னால் வருவதற்கு ஒன்று. காவலர்களின் திறமை 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் இந்த எண்கள் வேறு. மெக்னரின் அசல் ஆப்பிள் II நிரல் 2012-இல் பழைய ஃப்ளாப்பிகளிலிருந்து மீட்கப்பட்டு எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. டாஸ் பதிப்பையும் ஆர்வலர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் இதெல்லாம் ஊகம் அல்ல.

இதிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று: பெரும்பாலான காவலர்கள் ஒரு குத்தைத் தடுத்தவுடன் அடுத்த குத்தைத் தடுக்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. எனவே உங்கள் குத்தை அவன் தடுத்தால் சோர்ந்து நிற்காமல் உடனே இன்னொன்று. இரண்டு: ஆரம்ப லெவல் காவலர்கள் தடுத்தபின் திருப்பிக் குத்துவது அபூர்வம், திறமை கூடியவர்கள் கிட்டத்தட்ட எப்போதும் திருப்பிக் குத்துவார்கள். ஆகவே ஆரம்பத்தில் 'குத்து, குத்து' வேலை செய்யும். பிந்தைய லெவல்களில் அதே பழக்கம் கொன்றுவிடும். அங்கே 'குத்து, தடு, குத்து' என்று மாற்றிக்கொள்ளவேண்டும். ஆறு ஏழு லெவல் வரை ஷிஃப்டை மட்டும் நம்பி வந்தவர்கள் அதற்குமேல் திணறுவது இங்கேதான்.

சாதாரணக் காவலர்களுக்கு மூன்று முதல் ஐந்து உயிர் வரை இருக்கும். திரையின் வலது மூலையில் அவனுடைய முக்கோணங்களை எண்ணிக்கொள்ளலாம். எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள், கண் அவன் தோளில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தரையைப் பாருங்கள்

குத்து பட்டவன் பின்னால் தள்ளப்படுவான். அவனுக்குப் பின்னால் தரை இல்லையென்றால் கீழே போவான். எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் ஆழமான பள்ளமென்றால் கதை முடிந்தது. இது அவனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். சண்டை தொடங்குமுன் ஒரு கணம் திரை முழுவதையும் பாருங்கள். பள்ளம் யார் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது? உங்கள் பின்னால் என்றால் முன்னேறி நடுத்தரையைப் பிடியுங்கள். அவன் பின்னால் என்றால் ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் ஒரு அடி முன்னால் வைத்து அவனை ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

முள் தரை, இரும்புப் பற்கள் உள்ள இடங்களிலும் இப்படித்தான் பார்க்கவேண்டும். பின்வாங்கி பின்வாங்கிச் சண்டை போடுகிறவர்கள் அவற்றை மறந்துவிடுவார்கள்.

தனியாகச் சொல்லவேண்டியவர்கள்

மூன்றாம் லெவல் எலும்புக்கூடு. வெளியேறும் கதவைத் திறந்துவிட்டு அதன் பக்கமாக வரும்போது தரையில் கிடந்தது எழுந்து நிற்கும். அதற்கு உயிர் முக்கோணமே கிடையாது, வாளால் சாகாது. ஆனால் குத்துப் பட்டால் பின்னால் நகரும். இங்கே ஐந்தாம் படிதான் வழி: குத்திக் குத்தி ஓரத்துக்குத் தள்ளி விழவையுங்கள்.

ஆறாம் லெவலின் தடியன். பார்த்ததுமே தெரிந்துவிடும், மற்றவர்களைவிடக் குண்டு. உயிரும் அதிகம், தடுப்பும் நன்றாகத் தெரிந்தவன். அவசரப்படாமல் அவனைக் குத்தவிட்டுத் தடுத்துக் குத்துங்கள். ஷிஃப்டை மட்டும் நம்பியவர்களை வடிகட்ட வைத்த ஆள் மாதிரி இருப்பான்.

பன்னிரண்டாம் லெவலின் நிழல் மனிதன். நான்காம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்து வெளிவந்தபோது உங்களிடமிருந்து பிரிந்து போனவன் இவன். அவனைக் குத்தினால் உங்கள் உயிர்தான் குறையும். கீழ் ஆரோவைத் தட்டி வாளை உறையில் போடுங்கள், அவனும் போடுவான். பிறகு நேராக அவனை நோக்கிப் போங்கள், இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். இவ்வளவு நேரம் தொடவே கூடாது என்று சொன்ன கீயை இங்கே தட்டவேண்டியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: ஆப்பிள் II-இல் புது எதிரி வரைய நினைவகமே மிச்சமில்லாததால், இளவரசனின் படங்களையே சற்று உருமாற்றித்தான் இந்த நிழலை மெக்னர் உண்டாக்கினார். இடப்பற்றாக்குறையில் பிறந்தவன்தான் இந்த கேமிலேயே மறக்க முடியாத எதிரி.

நேரமும் உயிரும்

மொத்தம் 60 நிமிடம். செத்தால் பெரும்பாலும் லெவல் முதலிலிருந்து தொடங்கும். போன நேரம் திரும்பாது. ஸ்பேஸ் பார் தட்டினால் மீதி நேரம் தெரியும். இந்தக் கடிகாரத்துக்குப் பயந்து காவலனிடம் அவசரப்படுவது கணக்குத் தெரியாத வேலை. பொறுமையாகத் தடுத்து அடித்தால் ஒரு சண்டைக்கு ஆகும் கூடுதல் நேரம் சில விநாடிகள். செத்துத் திரும்பி வந்தால் நிமிடக்கணக்கில் போகும். நேரத்தை மிச்சம் பிடிக்கவேண்டியது ஓட்டத்திலும் வழியிலும்.

தொடக்கத்தில் மூன்று உயிர். பெரிய குடுவை கண்ணில் பட்டால் சுற்றிப்போனாவது குடித்துவிடுங்கள். அது உயிரின் உச்ச அளவையே ஒன்று கூட்டும். சிறிய சிவப்புக் குடுவை இழந்த ஒன்றைத் திருப்பித் தரும். நீலம் விஷம். ஒவ்வொரு லெவலும் நிறைந்த உயிரோடு தொடங்குவதால், லெவலின் கடைசிக் காவலனிடம் கொஞ்சம் அடி வாங்கினாலும் கவலையில்லை. ஆனால் நடுவில் வருகிறவனிடம் வாங்கும் அடி அடுத்த பள்ளத்தில் இறங்கும்போது வலிக்கும்: இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தாலே ஒரு உயிர் போய்விடும்.

ஜாஃபர்

ஆறு உயிர். புதிய வித்தை எதுவும் அவனிடம் கிடையாது. நன்றாகத் தடுப்பான், நன்றாகத் திருப்பிக் குத்துவான். அவன் முன்னால் போய் நிற்கும்போது கடிகாரத்தில் இரண்டு மூன்று நிமிடம்தான் மிச்சம் இருக்கும் என்பதால் கை நடுங்குவது சகஜம். முதல் லெவலில் செய்தது மாதிரியே ஷிஃப்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனுடைய முதல் இரண்டு குத்துகளைச் சும்மா தடுங்கள். தாளம் பிடிபட்டதும் தடுத்துக் குத்தத் தொடங்குங்கள். அவன் தடுத்தால் உடனே மேல் ஆரோ, பிறகு ஷிஃப்ட். அவன் விழுந்த கணத்தில் கடிகாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓடத் தேவையில்லை. நடந்தே போய் இளவரசியைப் பார்க்கலாம்.